நூற்றைம்பத்து மூன்று மீன்கள்

ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை என் குரலைக் கேட்ட வாத்தியார் ஒருவரும் கிடையாது. ஆஜர் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் எனக்கும் சேர்த்துச் சொல்லும். அப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் சித்தி, கோயிலில் எழுந்து நின்று பேசவேண்டும் என்றாள்.

சித்தி எங்கள் ஞாயிறுப் பள்ளி டீச்சர். நாடு சுதந்திரம் வாங்கியும் எங்கள் பகுதி இன்னும் மலையாளத்துக்காரர்களின் ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த காலம் அது. ஒவ்வொரு பிள்ளையும் இயேசுவை அறியாத ஒரு ஆளைத் தேடிப்பிடித்து அவரைப் பற்றிச் சொல்லவேண்டும், யாரிடம் சொன்னோம் என்பதை அடுத்த மாதம் சிறுவர் ஞாயிறன்று சபைக்கு முன்னால் நின்று சாட்சியாகக் கூறவேண்டும் என்றாள். சொல்லாதவர்கள், சொல்லவில்லை என்பதை எழுந்து நின்று சொல்லவேண்டும். எப்படியானாலும் நிற்கவேண்டும் என்பது அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

அண்ணன் முதல் வாரமே மூன்று பேரை முடித்துவிட்டான். அதில் ஒருவர் பனையேறி. அவர் உச்சியில் இருக்கும்போது இவன் கீழே நின்று சொன்னானாம். அவருக்கு ஓட வழியில்லை. நான் எங்கள் பசுவிடம் சொல்லிப் பார்த்தேன். அது அசைபோட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டது. பசு கணக்கில் வராது என்று சித்தி சொல்லிவிட்டாள்.

பிறகுதான் மீன்கார அக்கா நினைவுக்கு வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் கடற்கரையிலிருந்து கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடையைத் தலையில் வைத்து நடந்தே வருவாள். எங்கள் பின்புறத்துப் பலாமரத்தடியில் இறக்கிவைத்து அம்மாவிடம் பேரம் பேசுவாள். அவள் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கிடக்கும். அதன் நுனி சட்டைக்குள் போயிருக்கும். மந்திரவாதி கட்டிய தகடுதான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இவளைவிட இருளில் கிடக்கிற ஆத்துமா இருக்கமுடியாது. அதோடு, அவளே வீட்டுக்கு வருகிறாள். நான் எங்கும் போகவேண்டாம். பெரிய காரணம் அதுதான்.

அம்மா சட்டி எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, மரத்துக்குப் பின்னால் நின்று, "அக்கா, இயேசுவைத் தெரியுமா?" என்றேன்.

அவள் கையிலிருந்த அயிலை மீனைக் கடவத்தில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டாள்: "எந்த ஊருக்காரரு மக்கா?"

நாசரேத்து என்றேன். திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறதே, அதுவா என்றாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மீன்காரிக்கு மீன்கதைதானே பிடிக்கும் என்று அடுத்த தடவை, இயேசு உயிர்த்தெழுந்த பிறகு நடந்த கடைசிக் கதையை முதலில் எடுத்தேன். சீடர்கள் இராமுழுதும் வலைபோட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன்.

"நெலாவு காலமாயிருக்கும். நெலாவுல மீன் படாது" என்றாள்.

கரையில் நின்ற இயேசு, வலதுபக்கம் வலையைப் போடச் சொன்னார் என்றேன். அவருக்கு என்ன தொழில் என்று கேட்டாள். தச்சுவேலை என்றேன்.

"ஒரு ஆசாரி சொல்லியா வலையப் போட்டாவ?"

"ஆமா. நூத்தியம்பத்தி மூணு மீனு."

"அப்ப அவரு லேசுப்பட்ட ஆளு இல்ல, பாத்துக்க. என்ன மீனு மக்கா?"

அது எனக்குத் தெரியவில்லை. சித்தியிடம் போய்க் கேட்டேன். ஆத்துமாவைப் பற்றிக் கேட்காமல் மீனைப் பற்றிக் கேட்கிறாயே என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. மறுதடவை வந்தபோது அக்கா, அயிலை என்றே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

வெயில் ஏறுகிறது, மற்ற வீடுகளுக்குப் போகுமுன் மீன் கெட்டுப்போகும் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அக்கா கடவத்தை மூடியிருந்த ஓலையின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, "கெட்டா கெடட்டு. பிள்ள பாதியில நிக்குதுல்லா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை மழையும் காற்றும். அவள் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அதுவரை நான் சிறுவர் ஞாயிறுக்குப் பயந்துதான் பேசினேன். இப்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அக்காவைக் கடல் கொண்டுபோயிருந்தால்? நான் மீனைத்தானே சொல்லியிருக்கிறேன், சிலுவைக்கு வரவேயில்லையே. சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு ஜெபத்தில் வாய்திறந்து அவளுக்காக அழுது ஜெபித்தேன். அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து, "ஏட்டி, அக்காளுக்கா, மீனுக்கா?" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தாள். கடவத்தை இறக்குமுன்பே நான் ஒரே மூச்சில் சிலுவையையும் கல்லறையையும் சொல்லி முடித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மீன்செதில் தெறித்துவிட்டது என்றாள். அன்றைக்கு அவள் மீனைத் தொடவே இல்லை; ஆனாலும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வரவேண்டும் என்று கேட்டேன். கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு, "நீ நின்னு பேசுவியா?" என்றாள். நீங்கள் வந்தால் பேசுவேன் என்றேன்.

சிறுவர் ஞாயிறன்று என் முறை வந்தது. எழுந்து நின்றேன். சித்தி கண்ணாலேயே என்னைத் தள்ளினாள். அப்போது வாசலில் அவள் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. வாசலுக்கு இருபக்கமும் எதையோ தேடினாள். பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த மண்குடம்தான் கண்ணில் பட்டது. அதில் விரலை நனைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் குருசு வரைந்து, ஒரு முழங்காலை மடக்கி எழுந்தாள். சட்டைக்குள்ளிருந்து வெளியே விழுந்த கறுப்புக் கயிற்றின் நுனியில் ஒரு குருசு தொங்கியது.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. எங்கள் முப்பாட்டன் ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்நூறு வருஷம் முன்னமே அவள் ஆட்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் என்பதும், அவள் வாசலில் தேடியது தீர்த்தத்தொட்டி என்பதும் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். எனக்கு அழுகை முட்டியது.

அவள் சிரிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து, சந்தையில் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "நீ சொல்லு மக்கா. இராமுழுக்க ஒண்ணும் படல்ல. பொறவு?"

நான் சொன்னேன். அவளைப் பார்த்தே முழுவதையும் சொன்னேன். என்ன மீன் என்பதையும் விடவில்லை.

செவ்வாயன்று அவளிடம் சண்டைக்குப் போனேன், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. நான் நன்றாகச் சொன்னேனாம், அதனால் கேட்டாளாம். கடவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "இனி சனிக்கெழம எங்க சாமியாருட்ட முட்டுகுத்தி நின்னு இதையும் சேத்துச் சொல்லணும்" என்று சிரித்தாள்.

அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்கள் எங்கள் கோயில் ஆராதனைக்கு வருவதே பாவம், அதைச் சாமியாரிடம் முழங்காலிட்டு அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, என் சாட்சி சாமியார்வரைக்கும் போகப்போகிறது என்ற பெருமையில் தெருமுனைவரை அவள் பின்னால் ஓடினேன்.

"நூத்தியம்பத்தி மூணு. மறந்திராதீங்க அக்கா" என்று சொல்லி அனுப்பினேன்.