பாடு வைத்துப் படித்த புத்தகம்

போன வாரம் மீஞ்சூரில் ரயிலேறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் ஒரு நாவலைப் படித்து முடித்துவிட்டு அப்படியே என்னிடம் நீட்டினாள். "சூப்பரா இருக்கு ஆன்ட்டி, நீங்க படிங்க." முன்பின் தெரியாதவள்! வாங்கி, வழக்கம்போல முதலில் முகர்ந்து பார்த்தேன். வெறும் காகித வாசனை. நாங்கள் படித்த புத்தகங்களில் இறால் வாடை அடிக்கும்.

பழவேற்காட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அங்கே படிக்கிற பைத்தியங்கள் நாங்கள் நாலு பேர். சாப்பாட்டு நேரத்தில் டச்சுக்காரன் கல்லறைச் சுவர் நிழலில் உட்கார்ந்து, எது நல்ல கதை, எதைத் தொடவே கூடாது என்று அடித்துக்கொள்வோம். நான் கொண்டுபோன புத்தகத்தையெல்லாம் "தூக்கம் வருது" என்று தள்ளிவிடுவாள் கஸ்தூரி. அவள் ஒன்றை நல்லது என்றால் மட்டும் எங்களிடம் மறுபேச்சு கிடையாது.

அவளுக்கு உயிரான நாவல் ஒன்று. அதையும் பாதிதான் படித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கிடைத்த பிரதியில் பின்பாதி கிழிந்துபோயிருந்ததாம். அந்த முன்பாதியை இறால் உரித்தபடியே ஒரு மாதம் சொன்னாள். வீட்டை விட்டுப் போன கதாநாயகி திரும்பி வந்தாளா இல்லையா என்று தெரியாமல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. என் கெட்ட நேரம், பொன்னேரியில் பழைய பேப்பர் கடையில் அதன் முழுப் பிரதி என் கண்ணில் பட்டது.

யார் முதலில் படிப்பது? ஏரியில் இன்றைக்கு யார் வலை போடுவது, நாளைக்கு யார் என்று எங்கள் ஆட்கள் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போடக்கூடாது. நாங்களும் சீட்டுப் போட்டுப் பாடு வைத்தோம். முதலில் நான், அடுத்து கஸ்தூரி, பிறகு லட்சுமி அக்கா, வள்ளி. கடைசிப் பக்கத்தில் நாலு பேர் பெயரையும் நானே எழுதினேன். பெரிய நாட்டாமை என்று நினைப்பு.

நூறு பக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். கஸ்தூரி முகமெல்லாம் வீங்கி வந்து நின்றாள். சிறுநீரகத்தில் கோளாறாம். மறுநாள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறார்களாம்.

"குடுடி, அங்க படுத்துக்கினு படிச்சிட்டுத் தரேன்."

"இன்னாடி நீ? பாடுன்னா பாடுதான். என்னுது முடியட்டும்."

வாய் சட்டம் பேசியதே தவிர, உண்மையில் எனக்குப் புத்தகத்தை விட மனமில்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"சரி, முடிவ மட்டும் எங்கிட்ட சொல்லிடாத. நானே படிச்சிக்கிறேன்" என்று சிரித்தாள்.

அதிலிருந்து ஆறாம் நாள் படித்து முடித்தேன். அன்றைக்கே பையில் போட்டுக்கொண்டு, பொன்னேரி போய் ரயில் பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். நான் பையைத் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு புத்தகத்தை லட்சுமி அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அவ பாட்டுல நாம வல போட்றதா?"

வள்ளியும் கையை இழுத்துக்கொண்டாள். கதை எப்படி முடிந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொட்டகை எப்போதோ போய்விட்டது. அக்காவும் வள்ளியும் இப்போது காட்டுப்பள்ளியில் துறைமுகத்தைக் கூட்டிப் பெருக்கப் போகிறார்கள். சந்தித்தால் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். புத்தகப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ரயில் பெண்ணிடம், "உனக்கு அடுத்து யாரும்மா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய நாவலை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே கஸ்தூரி. அந்த ஆறு நாளும் புத்தகம் அவளிடம் இருந்திருந்தால், கதாநாயகி திரும்பி வந்ததைத் தெரிந்துகொண்டாவது போயிருப்பாள்.