கதவு திறக்கப் பத்து நிமிடம்

எங்கள் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்க வருபவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வைத்தவள் நான்தான். லிஃப்ட் பாதியில் நின்றால் அவர் முதலில் திறப்பது கருவிப் பையை அல்ல, வாயை. கதவிடுக்கில் வாய் வைத்து, உள்ளே மாட்டியவருக்கு ஒரு கதை சொல்வார். அழுதவர் சிரித்த பிறகுதான் மொட்டைமாடிக்கு ஏறி, மோட்டார் அறைச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவருவார். ஒருமுறை கைக்குழந்தையோடு மாட்டிய ஒருத்தி வெளியே வருவதற்குள் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. நம்பாதவர்கள் அந்தப் பல்லையே கேட்டுக்கொள்ளலாம்.

போன வருடம் ரேடியோவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. காதோரம் கிசுகிசுத்தால் கேட்கும், கதவைத் தாண்டாது.

“உள்ள மாட்டினவங்க பயந்து மயங்கி விழுந்தா யாருங்க பதில் சொல்றது?” என்றார் அவருடைய மேலாளர். “மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் கிடங்குல உட்கார்ந்து போல்ட்டு, நட்டைப் பிரிச்சு வைங்க.”

முப்பது வருடம் மனிதர்களோடு பேசியவர் நட்டோடு என்ன பேசுவார்? உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில், பழைய புகார்ப் புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களில், கதவு வழியாகச் சொன்ன கதைகளில் பன்னிரண்டை எழுதி முடித்தார். பதிப்பகம் எதையும் தேடவில்லை. தெருமுனை அச்சகத்தில் தானே பணம் கொடுத்து இருநூறு பிரதி போட்டார். லிஃப்டுக்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், தன் குரல் செய்த வேலையைப் புத்தகம் செய்யும், கிடங்கு தப்பும் என்பது கணக்கு.

பன்னிரண்டாம் கதையில் மட்டும் ஒரு ரகசியம் இருந்தது. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அவர் மனைவி. எந்தப் புத்தகமானாலும் மூன்றாம் பக்கத்தில் குறட்டை விடுகிறவள்.

ஆனால் லிஃப்ட்காரர் கை லிஃப்ட்காரர் கைதானே! பொருளடக்கத்தை லிஃப்ட் பொத்தான்களைப் போல எழுதியிருந்தார்: ஒன்று அடியில், பன்னிரண்டு உச்சியில். அச்சகத்துக்காரர் மேலிருந்து கீழே படித்து, அதே வரிசையில் கதைகளைக் கோத்துவிட்டார். கடைசிக் கதை முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று மனைவி தூங்கவில்லை.

“இருபத்தாறு வருஷம்!” என்று அடுத்த தெருவில் தன் வீட்டில் அவள் போட்ட சத்தம், இங்கே ஏழாம் மாடியில் என் தட்டை ஆட்டியது. “வேலைக்கு மனு கொடுக்க வந்தவளை லிஃப்டுல அடைச்சு வெச்சு, ‘மோட்டார் சூடாயிருக்கு, ஆறணும்’னீங்களே! லிஃப்ட் எப்பவோ தளத்துக்கு வந்தாச்சாம், சாவியைத் திருப்ப வேண்டியதுதானாம், நான் சிரிக்கிறது நல்லாயிருக்குன்னு பத்து நிமிஷம் சும்மா நின்னாராம்! நானும் பாவம், மனுஷன் வேர்த்து விறுவிறுத்து வேலை செய்யுறாருன்னு நெனச்சேன்!”

“வேர்த்தது நிஜம்,” என்று கிசுகிசுத்தார் ரேடியோ.

அவள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அது கிடக்கட்டும். கரண்ட் போய் நின்னா உள்ள கும்மிருட்டு. இந்தப் புத்தகத்தைத் தடவியா படிப்பாங்க?”

ரேடியோ தலையில் கை வைத்தார். முப்பது வருடமும் கதவுக்கு வெளியே நின்றவருக்கு உள்ளிருந்த இருட்டு தெரியவில்லை. ஒரே ஒரு நாள் உள்ளே நின்றவளுக்குத் தெரிந்தது.

மாசக் கடைசியும் வந்தது. கிடங்கு உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் கட்டிடத்தில் வேலையாக இருந்த ரேடியோவிடம் கொடுக்க மேலாளர் வந்தார். அவரும் நானும் ஒன்றாக லிஃப்டில் ஏறினோம். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே கரண்ட் போனது.

“பெரியம்மா, காத்து வருதா? எனக்கு மூச்சு முட்டுதே!” லிஃப்ட் கம்பெனி மேலாளர்தான். என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் வட்டம் சதுரமாகிவிட்டது.

அப்போது கதவிடுக்கில் டார்ச் வெளிச்சமும் ஒரு பெண் குரலும் வந்தன. “பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரருக்குத் துணையா நானும் வந்திருக்கேன். அவர் மேலே சக்கரத்தைச் சுத்திட்டிருக்கார். அவர் எழுதினதை நான் படிக்கிறேன், கேளுங்க. இதுல அவர் என்னை ஏமாத்தினதுதான் முதல் கதை.”

படித்தாள். இடையிடையே “இது பொய்யி”, “இது மட்டும் மெய்யி” என்று திட்டிக்கொண்டே படித்தாள். மேலாளரின் பிடி தளர்ந்தது. என் தோளில் தலை வைத்துச் சிரித்தார். லிஃப்ட் மெல்ல இறங்கித் தளத்தோடு நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ரேடியோ இறங்கி வந்து, சாவியால் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

“வந்தாச்சு, திறக்கலாமா?” என்றாள் அவள்.

“கொஞ்சம் இரும்மா,” என்றார் மேலாளர். “அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு படிச்சுட்டுத் திற.”

கதவு திறந்தபோது அவர் உத்தரவை வெளியே எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கம்பெனிக்காரராச்சே, காகிதத்தை வீணாக்குவாரா? பின்பக்கத்தைத் திருப்பி, ‘கிடங்கு உத்தரவு ரத்து. இவரோடு இவர் மனைவியையும் லிஃப்ட் பணியில் சேர்க்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரேடியோ அதை இரண்டு தடவை படித்தார். வராத குரலில் ஏதோ சொன்னார். மனைவி தன் காதை அவர் வாயருகே கொண்டுபோய்க் கேட்டு, எங்களுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

“ரொம்ப நன்றிங்கிறார். அதை எனக்குச் சொன்னாரா, உங்களுக்கா, அச்சகத்துக்காரருக்கான்னு அவருக்கே தெரியலை.”