வரி அலுவலகத்து ஷட்டர்

வரியைப் பற்றிப் பேசி அந்தக் கடைத்தெருவில் முதலில் மண்டை உடைந்தது சலூனில். பெரிய கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தால்தான் தொழிற்சாலை வரும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர். "அதுக்கு எங்க கழுத்தைத்தான் அறுக்கணுமா?" என்று கேட்டபடியே எழுந்தார் ஷட்டர்காரர். அடுத்த நிமிஷம் நுரைக்காரரின் தலை கண்ணாடியில் மோதி, கண்ணாடியும் தலையும் சேர்ந்தே விரிசல் விட்டன. நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி ஷட்டர்காரர் சொன்ன முதல் கருத்து அது.

ரவுடி என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கு மேல் கோபம், அவ்வளவுதான். அந்தத் தெருவில் இருந்த இரும்பு ஷட்டர்களில் முக்கால்வாசி அவர் மாட்டியவை. காலையில் கடைகள் திறக்கிற சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்டு, "மருந்துக்கடைக்கு கிரீஸ் போடணும்" என்று புரண்டு படுப்பார்.

அப்பா போன பிறகு தங்கையை வளர்த்தது அவர்தான். பட்டறையில் தகடு வெட்டுகிற இரைச்சலுக்கு நடுவே, ஸ்பிரிங் பெட்டிமேல் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். தனக்குச் செருப்பு வாங்காமல் அவளைப் படிக்க வைத்தார். வரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, ஜென்மப் பகையாளிகள் உட்படத் தெரு முழுக்கக் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தார்.

மறு வருஷமே அரசாங்கம் சின்னக் கடைகளுக்கு விற்பனை வரியை இரண்டு மடங்காக்கிவிட்டது. பெரிய கம்பெனிகளுக்குக் குறைத்தது. ஷட்டர்காரரைப் பார்க்கிறவனெல்லாம் சிரித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொள்வார்: "படிக்க வெச்சது நானு, எனக்கு வரி போடுறது அவ. நல்லாருக்குல்ல கதை?" சொல்லும்போது சிரிப்பார். உள்ளே பற்றி எரியும்.

ஒருநாள் அது சாப்பாட்டுத் தட்டுக்கே வந்தது.

"பெரிய கம்பெனிக்குத் தள்ளுபடி, எங்களுக்குத் தடியடி. இதாண்டி உங்க ஆபீஸ் நியாயம்?" என்றார்.

"கம்பெனிக்குக் குறைச்சது எனக்கும்தான் பிடிக்கலை" என்றாள் தங்கை. "ஆனா நீ என்னிக்காவது பில் போட்டிருக்கியா அண்ணா? கட்ட வேண்டியவன் எல்லாம் நழுவிட்டா, மாட்டினவன் தலையிலதான் விடியும்."

"அந்த மாட்டினவன் நான்தாண்டி!"

"உன் பொண்ணு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இல்லைன்னு தினமும் கத்துறியே, டீச்சருக்குச் சம்பளம் வானத்துலேருந்தா விழும்?"

"வர்றதை எல்லாம் வாரித் தின்னுட்டு, என்கிட்ட டீச்சர் கதை பேசுறியா?"

"நான் தின்னேனா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு, நான் தின்னேனா?"

பதில் இல்லாத இடத்தில் அவருக்குக் கை முந்திக்கொள்ளும். அறைந்த வேகத்தில் அவள் சுவரில் மோதினாள். உதடு கிழிந்து தட்டில் ரத்தம் சொட்டியது. குறுக்கே வந்து விழுந்த மனைவிக்கும் ஒன்று விழுந்தது. தங்கை வாயைக் கொப்பளித்தாள், பெட்டியை எடுத்தாள், பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அவர்கள் பேசியதில் ஆளுக்குப் பாதி நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அடித்ததில் துளி நியாயமும் கிடையாது. தெருவில் ஒருத்தருக்காவது அதைச் சொல்ல வாய் வந்ததா? "கூடப்பொறந்தவன்தானே அடிச்சான்" என்று துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகுதான் வியாபாரிகள் சங்கம் கடையடைப்பு அறிவித்தது. அந்தத் தெருவில் கடையடைப்பு என்றால் பூட்டு மட்டும் போதாது. ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கி, குனிந்து நின்று சரக்கை விற்கிற கில்லாடிகள் உண்டு. அதனால் ஷட்டர் ஏறி இறங்குகிற இரும்புத் தடத்தில் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து, தடத்தின் விளிம்பையும் மடக்கி நசுக்கிவிடுவார் ஷட்டர்காரர். மறுநாள் அவரே வந்து நிமிர்த்துகிற வரை எந்தச் சாவிக்கும் அது மசியாது. கூலி வாங்க மாட்டார். சங்கத்துத் தலைவர் எல்லோர் முன்னாலும் தோளில் தட்டிக் கொடுப்பதே அவருக்குப் போதும்.

அன்று காலையில் சுத்தியலோடு கிளம்பியவரிடம் மனைவி சொன்னாள்: "இன்னிக்கு அவங்க ஆபீஸ் கிடையாதாம். அவ ஹாஸ்டல்லதான் இருப்பா." முந்தின நாள் தங்கை போனில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். வராதவர்களுக்கு வேலை போகும் என்று அதற்குப் பிறகு உத்தரவு வந்ததும், ஊழியர்கள் விடியும் முன்பே வந்து ஷட்டரை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டதும் அந்த வீட்டுக்குத் தெரியாது.

கூட்டம் தெருவை முடித்துக்கொண்டு வரி அலுவலகத்து வாசலில் வந்து நின்றது. "இதுக்கும் ரெண்டு அடிங்கய்யா!" என்று தள்ளுவண்டிமேல் ஏறி நின்று கத்தினார் தலைவர். விசில் பறந்தது. ஷட்டர்காரர் மண்டியிட்டு ஆப்பை வைத்தார். அப்போதுதான் பார்த்தார், வெளியே பூட்டு இல்லை. வெளியே பூட்டில்லாமல் ஷட்டர் மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம் இது. ஓங்கிய சுத்தியல் ஒரு நொடி அப்படியே நின்றது. தங்கச்சி ஹாஸ்டலில் இருக்கிறாள், உள்ளே எவனோ இருக்கிறான், ஒரு மணி நேரம் கிடந்து வேர்த்து விறுவிறுத்துப் போகட்டுமே என்று நினைத்தார். அடித்தார். இரண்டு பக்கமும் அடித்தார்.

மேல் ஜன்னல் வழியாக முதல் பெட்ரோல் பாட்டிலை எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவதை எறிந்தவனுக்குக் கை தட்டினார்கள். காகிதம் நிறைந்த கட்டடம், மளமளவென்று பிடித்துக்கொண்டது. பின்கதவு தீக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து ஷட்டரைக் கைகள் அறைந்தன. இருமலுக்கும் ஓலத்துக்கும் நடுவே ஒரு குரல் தனியாக வந்தது.

"அண்ணா! ஷட்டரைத் தூக்கு அண்ணா!"

பட்டறையில் வளர்ந்தவள் அவள். சுத்தியல் விழுந்த விதத்திலேயே ஆளைக் கண்டுபிடித்திருந்தாள்.

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்த ஷட்டர்காரரை டயர்கடைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்கய்யா போறே? எரியட்டும் விடு!"

"என் தங்கச்சி உள்ள இருக்கா!"

"அடிச்சுத் துரத்தினப்போ தங்கச்சி இல்லையா?"

சுத்தியல் டயர்கடைக்காரரின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. "துரோகி!" என்று ஒருவன் எறிந்த கல் ஷட்டர்காரரின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது. தன் கையால் மடக்கிய விளிம்பைக் கடப்பாரையால் நெம்பினார். இரும்பு கொதித்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. "நல்லா அடிச்சியேடா, பாவி, இவ்வளவு நல்லாவா அடிச்சே" என்று தன்னையே திட்டிக்கொண்டு நெம்பினார். முதுகில் உதை விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் கடப்பாரையை ஒரு வீசு வீசிவிட்டு மறுபடி நெம்பினார். கடைசியில் தடம் வாயைப் பிளக்க, கீழ்த்தகடுகள் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தன.

அந்தச் சந்து வழியாக ஒவ்வொருவராக ஊர்ந்து வந்தார்கள். முதலில் வந்த குமாஸ்தாவின் முகத்திலேயே ஒருவன் மிதித்தான். அடுத்து வந்தவளின் தலைமுடி பாதி எரிந்திருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும்தான் கூட்டம் பின்வாங்கியது. தள்ளுவண்டி காலியாக நின்றது. தலைவர் எப்போதோ கம்பி நீட்டிவிட்டார்.

தங்கை கடைசியில் வந்தாள். கிழட்டுப் பியூனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் மூச்சு உள்ளேயே நின்றுபோயிருந்தது.

போலீஸ் வந்தது. ரத்தமும் கரியுமாக நின்ற ஷட்டர்காரரின் தோளில் கை வைத்தார் இன்ஸ்பெக்டர். "நீங்கதான் தொறந்தீங்களாமே? எத்தனை உசுரைக் காப்பாத்தியிருக்கீங்க தெரியுமா?" பிறகு நசுங்கிக் கிடந்த ஆப்பைக் காலால் புரட்டினார். "இதை அடிச்சது எவன்?"

அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திய தெரு வாயை மூடிக்கொண்டது. டயர்கடைக்காரர்கூடத் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாரே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை. ஷட்டர்காரர் தங்கையைப் பார்த்தார். ஒரே ஒரு பொய், இந்த ஒரு தடவை மட்டும் சொல்லிவிடம்மா என்று அவர் மனசு அவள் காலில் விழுந்து கெஞ்சியது.

அவள் பியூனின் கண்களை மூடிவிட்டு எழுந்தாள்.

"தொறந்தது இவர்தான் சார். மூடினதும் இவர்தான். வெளிய பூட்டு இல்லைன்னு பார்த்திருப்பாரு, உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சேதான் மூடினாரு."

இன்ஸ்பெக்டரின் கை தோளிலிருந்து நழுவியது. "உனக்கு இவரைத் தெரியுமாம்மா?"

"எங்க அண்ணன்" என்றாள். "என்னை வளர்த்தவரு."