கலர் வராத விளையாட்டுப் பெட்டி

பீரோவில் கிடந்த வீடியோ கேம் பெட்டிக்கு ஏற்ற பழைய டிவி தேடி, இன்று காரைக்காலில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இது பிரான்ஸ் பெட்டிங்க. நம்ம ஊரு டிவியில கருப்பு வெள்ளையாத்தான் தெரியும். அந்த ஊரு டிவிதான் வேணும்."

1986, மே விடுமுறை. பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா அதை எங்கள் புதுக் கலர் டிவியில் மாட்டினார். முதலில் விசையைத் தொட்டவள் நான். படத்தில் கலர் இல்லை.

"அங்க கலராத்தான ஓடுச்சு. என்னத்தடி நோண்டுன?" என்றார் சித்தப்பா.

அப்பா எல்லோர் முன்னும் என்னை அறைந்தார். பெட்டியைப் பூட்டிவைத்தார்.

கடையிலிருந்தே அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? வரும்போது மூக்குப்பொடி வாங்கிட்டு வா."

"முதல்ல நான் கெடுக்கலன்னு சொல்லுங்க. அப்புறம் வாங்கறேன்."