கட்டுக்கலை வீட்டில் பதினேழு பேர்

கண்டி கட்டுக்கலையில் தனபாலன் மாமாவின் வீட்டுக்கு இரண்டே அறைகள். வேலை விண்ணப்பங்களை நம்பினால், அங்கே பதினேழு பேர் குடியிருக்கிறோம். எல்லாரும் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள். கஜலட்சுமியாகிய நானும் அதில் ஒருத்தி.

மாமா மாநகர சபையில் கிளார்க். அவரும் லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கான அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர்தான். அவருக்கு வந்த முதல் நேர்முகக் கடிதம் தோட்டக் கந்தோர் மேசையில் நான்கு நாள் கிடந்து, தேதி போன பிறகுதான் கைக்கு வந்ததாம். இப்போது கடிதம் இல்லை, போன்தான். ஆனால் லயத்து இலக்கத்தை முகவரியாகப் போட்ட விண்ணப்பத்துக்கு அந்தப் போனும் வருவதில்லை. "என் வீட்டு முகவரியப் போட்டுக்கங்க, வீடு என்ன தேஞ்சா போகுது?" என்பார் மாமா. கொஞ்சம் பெருமை பிடித்த மனிதர். செய்த உதவியை நாலு பேர் முன்னால் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அவருடைய ஒரே மகன் சுதேஷுக்கு என் வயது. அவனும் வேலை தேடிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கொழும்புக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கண்டிக் கிளைக்கு ஆள் எடுத்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் நிற்காது. முதல் பஸ்ஸைப் பிடித்து மாமா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஸ்பீக்கர்ல போடு புள்ள. நீ தடுமாறுனா நான் எழுதிக் காட்டுறேன்" என்று மாமா தாளும் பேனாவுமாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

சரியாகப் பத்து மணிக்கு என் போன் அடித்தது. பேசியது ஒரு தமிழ்ப் பெண். படிப்பு, கணினி, சிங்களம் எல்லாம் கேட்டாள். நன்றாகத்தான் போனது.

"கட்டுக்கலையில இருக்கீங்களா? சொந்த வீடா?"

"ஆமா மிஸ்." நாக்கு கூசவில்லை. பழகிப்போன பொய்.

"அப்படின்னா ஒண்ணு சொல்லுங்க. இந்த வேலைக்கு இதே முகவரியில இருந்து நாலு பேர் போட்டிருக்கீங்க. நாலு பேருக்கும் சொந்த வீடாம்."

யார் எந்தக் கம்பனிக்குப் போடுகிறோம் என்று பதினேழு பேரில் ஒருத்தரும் மற்றவரைக் கேட்டதே இல்லை. போட்டியாயிற்றே!

"நேத்துப் பேசின சுதேஷ்ங்கிறவர், அது அவரோட அப்பா வீடுன்னு சத்தியம் பண்றார். அது உண்மையா? பொய் சொல்றவங்கள நாங்க எடுக்கிறதில்ல."

மாமாவின் பேனா நின்றது. மகன் இந்த வேலைக்குப் போட்டது அவருக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு சுதேஷ் நின்றான்.

'ஆமா மிஸ், அது அவங்க வீடு, நான் லயத்துப் புள்ள.' இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது பொய். வாயை நான்தான் மூடி வைத்திருந்தேன்.

மாமா போனை இழுத்துக்கொண்டார். "மிஸ், நான் வீட்டுக்காரர் பேசுறேன். கஜலட்சுமி எங்க வீட்டுப் புள்ளதான். சுதேஷ்னு இங்க யாரும் இல்லீங்க."

பெற்ற பிள்ளையை, அவன் கண் முன்னாலேயே, இல்லை என்கிறாரே!

"தேங்க்ஸ் அங்கிள். திங்கக்கிழமை அவங்கள நேர்முகத்துக்கு வரச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

சுதேஷ், "அப்பா..." என்றான்.

மாமா போனை என்னிடம் நீட்டினார். மகனின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "நீ நாளைக்கு வேற எடத்துக்குப் போடலாம்டா. அந்தப் புள்ளைக்கு என்ன இருக்கு? உனக்கு முகவரி இருக்கு."

"எதுப்பா? நான் இல்லன்னு இப்பச் சொன்னீங்களே, அந்த வீடா?"

மாமா குனிந்து தாளை மடித்தார். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.