கண்ணாடி போட்ட பொத்தான்

பிள்ளைகளா, என் அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று கேட்டீர்கள். கடைசி ஆறு வாரம் அது உங்கள் பெரியப்பாவின் குரலாக இருந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மலேசியாவில் ஈஜோக் என்ற ஊரில் இருந்தோம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், கட்டியோடு குரலும் போய்விட்டது. சின்ன வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர், எழுதிக் காட்டவும் தெரியாது.

காலேஜில் கம்ப்யூட்டர் படித்த அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மாவின் கட்டிலருகே வைத்த கம்ப்யூட்டர் திரையில் பெரிய பெரிய பொத்தான்கள். மவுஸால் அழுத்தினால் அவன் பதிந்து வைத்த குரல் பேசும். முதலில் ஒவ்வொரு பொத்தானும் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு அகலம் என்று வரிவரியாக எழுதிப் பார்த்தான். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பிறகு கூட்டாளி ஒருவன் ஒரு மென்பொருள் வட்டு கொடுத்தான். அதில் பொத்தான்களை ஓரமாக அடுக்கி வைத்திருக்கும். இழுத்துப் போட்டால் போதும். அரை நாளில் வேலை முடிந்தது. குவளைப் படத்தை அழுத்தினால், "தண்ணி வேணும்!" என்று கட்டைக்குரல் அதட்டும்.

"என்னா லா, வீட்டுக்குள்ள வேல வாங்குற மண்டோர் வந்துட்டாரு!" என்றார் அப்பா. அம்மா சத்தமில்லாமல் சிரித்தார்.

எனக்குத்தான் குறை. தண்ணீருக்கு, போர்வைக்கு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஜெராமிலிருந்து வந்த அத்தைக்கு, எல்லாவற்றுக்கும் பொத்தான் இருந்தது. எனக்கு இல்லை. போதாததற்கு எனக்கு இருமல்.

"உள்ள போவாதடா. உங்கம்மா கூப்பிட்டா மட்டும் வாயில துணியக் கட்டிக்கிட்டுப் போ" என்று அத்தை உத்தரவு போட்டிருந்தார்.

கூப்பிட வேண்டுமே! இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், அண்ணன் குளிக்கப் போன நேரம், துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் செய்தது போலவே ஒரு பொத்தானை இழுத்துப் போட்டு, அதில் மூக்குக்கண்ணாடி போட்ட வட்ட மூஞ்சியை வரைந்தேன். அதுதான் நான். அழுத்திப் பார்த்தேன். உள்ளே போய் வெளியே வந்தது. அம்மா தூங்குவதால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். மற்றவை பேசுவது போல இதுவும் தானாகப் பேசும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டு, "யாருடா இந்த ஆந்தை? சரி, அழகுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றான்.

அம்மா எழுந்ததும் வாசற்படியில் நின்றே சொன்னேன்: "இத அமுக்கும்மா, எனக்குக் கேட்டுடும், ஓடி வந்துடுறேன்." அம்மா தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் கேட்கும். போர்வை கேட்கும். அத்தையைக் கூப்பிடும். என்னை மட்டும் கூப்பிடவே இல்லை. மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் காதில் விழக்கூடாதென்று டிவியைக் கூட்டி வைத்தேன். அதற்கு அடுத்த வாரம் அம்மா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அத்தை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணி எப்பப் பாத்தாலும் அந்தக் கண்ணாடி மூஞ்சியவே தட்டிக்கிட்டு இருந்தாங்கண்ணே. பிள்ளை படத்த ஆசையா தொட்டுப் பாக்குறாங்கன்னு நெனச்சேன்."

கையில் வடையோடு கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரே பெருமை. நான் வரைந்தது அம்மாவுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறதே!

பல வருடம் கழித்து, வேலை முடிந்து ரவாங்கில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். முதல் நாளே வாத்தியார் சொன்னார்: "இழுத்துப் போட்டா உருவம் மட்டுந்தான் வரும். அமுக்கினா என்ன செய்யணும்னு நீங்கதான் எழுதணும். எழுதலன்னா உள்ள போயிட்டு வெளிய வரும், அவ்வளவுதான்."

எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். நான் மட்டும் இருந்தேன். ஒரு பொத்தானை இழுத்துப் போட்டேன். எதுவும் எழுதவில்லை. அழுத்தினேன். அழகாக உள்ளே போய் வெளியே வந்தது. அழுத்தியவருக்கு, கூப்பிட்டது போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

இன்னொரு முறை அழுத்திவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.