தள்ளுபடியார் கட்டிய பெட்டி

சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றின் இரண்டாம் மாடியில், இழப்பீட்டுப் பிரிவு என்னும் திருத்தலத்தில், இருபத்தாறு ஆண்டுகளாக எழுந்தருளியிருந்தார் அவர். முற்பகலில் வாடகை லாரிக்காரர்கள் அனுப்பும் ரசீதுகளைத் தணிக்கை செய்வார். பஞ்சு மூட்டைக்கு இரும்பின் எடை போட்டிருந்தால் சிவப்பு மையால் சுழிப்பார். பிற்பகலில், வழியில் பொருள் உடைந்து மனுச் செய்தோர்க்கு அருள்பாலிப்பார். அவ்வருள் என்றும் ஒரே வடிவினது: தள்ளுபடி. ஆதலின் கீழ்த்தளத்துச் சுமைதூக்கிகள் அவரைத் ‘தள்ளுபடியார்’ என்றனர். அடியார் கூட்டத்தில் தமக்கு வாய்த்த இடமென்றே அவரும் அதனை ஏற்றுக்கொண்டார்.

உடைப்பைப் பற்றிக் குறிப்பெதுவும் எழுதாமல் கையொப்பமிட்டுப் பெட்டியை வாங்கியவர்க்கு வாசலிலேயே கதவடைப்பு. எழுதியவர்க்கு, ‘பேக்கிங் போதாது’. அதற்கும் அசையாதவர் ஸ்டிக்கரைக் காட்டுவர். பெட்டி சாய்ந்தால் வெண்மை மாறிச் சிவக்கும் அச்சிறு ஸ்டிக்கருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தள்ளுபடியார் அதற்கும் ஒரு விதி யாத்தார்: ‘லாரியில் ஏறுமுன்னரே சிவந்திருக்கக் கூடும், ஆகவே ஸ்டிக்கர் சாட்சியாகாது.’ மேலாளர் உளம் நெகிழ்ந்து, அதைப் பதினான்காம் விதியாக்கிக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்.

இங்ஙனம் இருக்கையில், தையற்கடை நடத்தும் அவருடைய தங்கை வேற்றூருக்குக் கடையை மாற்றினாள். கடையின் ஆளுயரக் கண்ணாடியை அண்ணனே கட்டினார். ஞாயிறு முழுதும் அதே தவம்: நுரைத்தாள் மூன்று சுற்று, நாற்புறமும் மரச்சட்டம், மூலைதோறும் அட்டைக் காப்பு. முடிவில் சாட்சியாகாத அந்த ஸ்டிக்கரையும் ஒட்டினார். தீர்ப்பு வேறு, நம்பிக்கை வேறு அல்லவா? பெட்டியைத் தம் நிறுவனத்து லாரியிலேயே ஏற்றிவிட்டார்.

நான்காம் நாள் தங்கை அழைத்தாள்.

“அண்ணா, கண்ணாடி தூள் தூளா வந்திருக்கு.”

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எழுதினியா?”

“‘அழாதே’ன்னு சொல்ல மாட்டே, இதைத்தான் கேப்பேன்னு தெரியும். எழுதிட்டேன். ஸ்டிக்கர் செக்கச்செவேல்னு இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரர் வேற சொல்றார்.”

“மாப்பிள்ளை என்ன சொல்றார்?”

“‘உங்கண்ணன் பெட்டி கட்டின லட்சணம்’ங்கறார். எனக்குப் பணம்கூட வேணாம்ணா. யார் தப்புன்னு உன் ஆபீஸ் தாள்ல எழுதி வாங்கிக் கொடு.”

இருபத்தாறு ஆண்டுகள் பிறர் கட்டிய பெட்டிகளைப் பழித்தவரின் கைத்திறம், இப்போது ஒரு தாளில் தொங்கியது. உறவினர் மனுவை அவர் தொடலாகாது. அது பக்கத்து மேசை அம்மையாரிடம் சென்றது. அவர் இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

“தள்ளுபடி சார். பேக்கிங் போதாது.”

“போதாதா? மூணு சுத்து நுரைம்மா! மரச்சட்டம்!”

“உடைஞ்சிருக்கே சார். உடைஞ்சா போதலைன்னு அர்த்தம். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? யாரோ அரைகுறை கட்டியிருக்கு, பாவம்.”

“ஸ்டிக்கர் சிவந்திருக்கே!”

அம்மையார் பேனாவால் சுவரைக் காட்டினார்.

தள்ளுபடியார் மேலாளரிடம் சென்றார்.

“ஏத்தறப்போ வெள்ளையாத்தான் இருந்துச்சு சார். என் கண்ணால பாத்தேன்.”

“எல்லாரும் அதையேதான் சார் சொன்னாங்க.” மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார், அவர் மேல் ஸ்டிக்கர் இல்லை. “ஒரு கண்ணாடிக்காக விதியை வளைக்க முடியாது. எடுத்தா மொத்தமா எடுக்கணும். அந்த விதியால தள்ளின எண்பத்து மூணு மனுவையும் நீங்களே திரும்பத் திறக்கணும். ஓய்வுபெற உங்களுக்கு இருக்கறது ஏழு மாசம். யோசிச்சுக்குங்க.”

தள்ளுபடியார் யோசித்தார். அவர் கண்முன் நின்றவர் அந்த எண்பத்து மூவர் அல்லர், மாப்பிள்ளை ஒருவரே. அறத்தின் பொருட்டன்று, தாம் கட்டிய பெட்டியின் பொருட்டு, அன்றே விதியை நீக்கக் கோரிக் கையொப்பமிட்டார். சுவரில் ஆணி மட்டும் எஞ்சியது. எண்பத்து மூன்று கட்டுகளும் தூசியோடு அவர் மேசைக்கு ஏறின. முதற்கட்டில் ஒரு மீன்தொட்டிக்காரர் எழுதியிருந்தார்: ‘ஐயா, நான் நன்றாகத்தான் கட்டினேன்.’ பதினோராண்டுகட்கு முன் ‘நகைப்புக்குரியது’ என்று ஓரத்தில் தாம் எழுதிய சொல்லை, தள்ளுபடியார் நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு அதை அடித்தார்.

ஸ்டிக்கரைச் சாட்சியாக ஏற்று அம்மையார் எழுதிய தாள் தங்கைக்குச் சென்றது: ‘பேக்கிங்கில் குறையில்லை. வழியில் பெட்டி சாய்க்கப்பட்டுள்ளது.’

“வந்துச்சுண்ணா. அவர்கிட்ட ரெண்டு தடவை சத்தமா படிச்சுக் காட்டினேன்.”

“என்ன சொன்னார்?”

“சாப்பிட்டுப் படுத்துட்டார்.”

தள்ளுபடியார் வீடுபேறு எய்தியவர் போல் கண்மூடினார். “புதுக் கண்ணாடி வாங்கிட்டேன்மா. இந்த ஞாயித்துக்கிழமை நானே கட்டி அனுப்பறேன்.”

“தாராளமா கட்டு. உன் கை நல்ல கைதான்னு தாள்லயே வந்துடுச்சே. லாரி மட்டும் வேற கம்பெனியா பாத்துக்கோ.”